பின்னால் ஆள் இல்லாத வண்டி

மகன் அதைப் பந்தயம் என்று சொல்லவில்லை. ஆனால் பந்தயம்தான்.

"ஒரே ஒரு தடவை நீ தனியா ஓட்டிட்டு எங்க வீட்டு வாசல் வரைக்கும் வாம்மா. அப்புறம் விக்கிற பேச்சையே எடுக்க மாட்டேன். நடுவுல எங்கயாவது மாட்டிக்கிட்டு என்னைக் கூப்பிட்டியோ, அத்தோட வண்டி போச்சு."

எனக்கும் ரோஷம் உண்டு. சரி என்றேன்.

உள்ளேயே கட்டில், அடுப்பு, குளிக்க ஒரு மூலை எல்லாம் வைத்த பெரிய கேம்பர் வேன் அது. என் கணவர் ஓய்வு பெற்ற கையோடு வாங்கியது. சந்து பொந்தில் திரும்பாது, டீசலைக் குடித்துத் தீர்க்கும், நிறுத்த இடம் தேடியே பாதி நாள் போய்விடும். விற்றுவிடு என்று மகன் சொல்வதில் தப்பே இல்லை. ஆனால் அவர் போன பிறகு எனக்கு வீட்டில் தூக்கம் வருவதில்லை. வாசலில் நிற்கும் இந்த வண்டிக்குள் போய்ப் படுத்தால் வருகிறது. இதை மகனிடம் சொன்னால் நேராக டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போவான். அதனால் சொல்லவில்லை.

நாங்கள் வேலையைப் பிரித்து வைத்திருந்தோம். எனக்கும் ஓட்டத் தெரியும்தான், ஆனாலும் ஓட்டுவது அவர், வழி சொல்வது நான். எனக்கு இடது வலது சட்டென்று வராது. யோசித்துச் சொல்வதற்குள் திருப்பம் பின்னால் போய்விடும். அதனால் "என் ஜன்னல்", "உங்க ஜன்னல்" என்றுதான் சொல்வேன். "ஊர் உலகத்துக்கெல்லாம் இடது வலது, என் பெண்டாட்டிக்கு மட்டும் ஜன்னல்" என்று போகிற இடமெல்லாம் என் மானத்தை வாங்குவார். மகன் வீட்டு வழியும் எனக்கு அப்படித்தான் மனப்பாடம். தண்ணீர்த் தொட்டி வந்தால் என் ஜன்னல், மரம் அறுக்கும் மில்லைத் தாண்டினால் அவர் ஜன்னல், பாலத்துக்கு அப்புறம் மறுபடி என் ஜன்னல்.

மகன் என் போனில் வழி சொல்ல ஒரு பெண்குரலை ஏற்பாடு செய்து கொடுத்திருந்தான். அவள் வாய் ஓயாமல் இடது, வலது என்று உயிரை வாங்கினாள். நெடுஞ்சாலை ஏறுவதற்கு முன்பே அவள் வாயை அடைத்துவிட்டேன்.

தண்ணீர்த் தொட்டி வந்தது. கை தானாக என் ஜன்னல் பக்கம் திருப்பியது. மில் வரட்டும் என்று போனேன். வரவில்லை. வீடுகள் குறைந்தன, தார் போய் மண் வந்தது. அப்போதாவது நின்றிருக்கலாம். என் பிடிவாதம் ஊரறிந்தது. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று போனேன். இரண்டு பக்கமும் கம்பி வேலி நெருக்கிக்கொண்டே வந்து, கடைசியில் பூட்டிய இரும்புக் கேட்டில் பாதை முடிந்தது.

இன்ஜினை அணைத்தேன். பக்கத்து இருக்கையைப் பார்த்தேன். என் ஜன்னல் அங்கே இருந்தது. நான் அவர் ஜன்னலில் உட்கார்ந்திருந்தேன்.

சிரிக்க வேண்டிய விஷயம். சொல்லிச் சிரிக்கப் பக்கத்தில் ஆள் இல்லை. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல இருந்தது.

அந்த நேரம் பார்த்து மகன் கூப்பிட்டான்.

"எங்கம்மா இருக்கே?"

"வந்துட்டே இருக்கேன்."

"சத்தமே இல்லையே, வண்டி நிக்குதா?"

"டீ குடிக்க நிறுத்தினேன். வைடா போனை."

ஒரு வார்த்தை உண்மை சொல்லியிருந்தால் அரை மணியில் வந்து நின்றிருப்பான். வண்டியும் போயிருக்கும்.

திருப்ப இடமில்லை. வந்த வழியே பின்னால்தான் போக வேண்டும். பழைய வண்டி, பின்னால் இருப்பதைக் காட்டும் கேமரா கிடையாது. அந்த வேலைக்கு நான் இருந்தேன். இறங்கிப் பின்னால் நின்று வண்டியின் தகரத்தில் தட்டுவேன். ஒவ்வொன்றாகத் தட்டினால் வரலாம், சேர்த்து இரண்டு தட்டினால் நிறுத்த வேண்டும். இப்போது தட்ட நான் இறங்கினால் ஓட்ட ஆளில்லை. ஓட்ட ஏறினால் தட்ட ஆளில்லை. ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தேன்.

வயலுக்குள் வேலிக்கம்பி இழுத்துக் கட்டிக்கொண்டிருந்த ஒருவர் இந்தக் கூத்தைப் பார்த்துவிட்டு வந்தார்.

"இவ்வளவு பெரிய வண்டியை இதுக்குள்ள ஏம்மா கொண்டு வந்தீங்க?"

"வழி தப்பிடுச்சு தம்பி. கொஞ்சம் பின்னால நின்னு தட்டுறீங்களா?"

எப்படித் தட்ட வேண்டும் என்று சொன்னேன். என் வேலியில இடிச்சிடாதீங்க என்று முணுமுணுத்துக்கொண்டே பின்னால் போனார்.

ரிவர்ஸ் போட்டேன். டொக். கொஞ்சம் விட்டு இன்னொரு டொக்.

இத்தனை வருடமும் நான் வெளியே நின்று தட்டியவள். உள்ளே அது எப்படிக் கேட்கும் என்று ஒருநாளும் யோசித்ததில்லை. கட்டில், அடுப்பு எல்லாவற்றையும் தாண்டி வந்து முதுகுக்குப் பக்கத்தில் கேட்டது. யாரோ நமக்காகப் பின்னால் நிற்கிறார்கள் என்று தெரிந்தது. அதனால்தான் என் கணவர் கண்ணாடியைக்கூடச் சரியாகப் பார்க்காமல் விசிலடித்துக்கொண்டு பின்னால் வருவார். அது திமிர் என்று நான் திட்டியிருக்கிறேன். திமிர் இல்லை. என் கையைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

தார்ச்சாலை வந்ததும் இரண்டு தட்டு. நிறுத்தினேன். அந்த ஆள் ஜன்னலருகே வந்து என் முகத்தைப் பார்த்துப் பயந்துவிட்டார்.

"ஏம்மா அழறீங்க? எங்கயும் இடிக்கலையே!"

"இடிக்கலைப்பா. நல்லாத் தட்டினீங்க."

மிச்ச வழி முழுக்க வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஓட்டினேன். காலி இருக்கையைப் பார்த்து "என் ஜன்னல்" என்பேன், அந்தப் பக்கம் திருப்புவேன். மில்லைத் தாண்டியதும் "உங்க ஜன்னல்ங்க" என்று சொல்ல வேண்டியிருந்தது. பதில் வராது என்று தெரிந்தும் ஒரு நொடி காத்திருந்தேன்.

வெயில் தாழும் நேரத்தில் மகன் வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்தினேன். அவன் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்து கீறல் தேடினான்.

"எங்கயும் வழி தப்பலையா?"

"உன்னைக் கூப்பிட்டேனா?"

"இல்லை."

"அப்புறம் என்ன?"

தலையைச் சொறிந்துகொண்டு சிரித்தான். "நீ ஜெயிச்சுட்டேம்மா. இனிமே விக்கிற பேச்சு கிடையாது. பையை எடுத்துட்டு வா" என்று உள்ளே போனான்.

பையை எடுக்கப் பின்கதவுக்குப் போனேன். இனி இந்த வண்டி என்னுடையதுதான். யாரும் என்னிடமிருந்து எடுக்க முடியாது. கை பழக்கத்தில் தகரத்தின் மேல் போய் உட்கார்ந்தது. சேர்த்து இரண்டு தட்டினேன்.

சமையலறை ஜன்னலிலிருந்து மருமகள் எட்டிப் பார்த்தாள்.

"யாரு அத்தை தட்டுறது? உள்ள யாராவது இருக்காங்களா?"

"யாரும் இல்லைம்மா. நான்தான். நான் மட்டும்தான்."