நீமி சொன்னதும் மார்லிஸ் எழுதியதும்

கதவைத் தட்டிவிட்டு வருகிற பழக்கமெல்லாம் பெர்னடீனுக்குக் கிடையாது. செவ்வாய்க்கிழமை தேர்தல் என்றால் அதற்கு முந்தின ஞாயிறு மதியம், பூட்ஸில் ஒட்டிய பனியைக்கூட உதறாமல், துண்டில் சுற்றிய, கறி அடைத்துச் சுட்ட நான்கு பேஸ்டிகளோடு மார்லிஸின் சமையலறையில் வந்து நிற்பாள். இருபது வருஷமாக இதுதான் வழக்கம். கவர்னரையும் செனட்டரையும் கட்சி பார்த்து அவளே முடிவு பண்ணிவிடுவாள். நீதிபதிகளுக்கும் அங்கே ஓட்டுத்தான்; வாக்குச்சீட்டின் கடைசியில் கட்சிப் பெயர் இல்லாமல் நிற்கிற நீதிபதிகள்தான் ஊரில் யாருக்கும் பிடிபடாதவர்கள். மார்லிஸ் ஊர் நீதிமன்றத்திலேயே சுருக்கெழுத்தாளர். அவள் சொல்லும் பெயரை பெர்னடீன் குறித்துக்கொண்டு போவாள். தேவாலயப் பாட்டுக் குழு அதைப் பார்த்து எழுதிக்கொள்ளும். பொழுது சாய்வதற்குள் தெருவுக்கே போய்ச் சேர்ந்திருக்கும்.

"சொல்லுடி, இந்தத் தடவை யாரு? நீமியா, அந்த ஹாகனா?"

"மொதல்ல காபியைக் குடி."

"இதுக்கு எதுக்குடி காபி? உன் நீதிபதிதானே அவரு!"

நீமி அவளுடைய நீதிபதிதான். அதுதான் சிக்கலே. மேசைமேல் போன வாரப் பத்திரிகை கிடந்தது. வக்கீல் சங்கத்தின் மதிப்பீட்டுக் குழு ஹாகனுக்கு 'தகுதியானவர்' என்று மட்டும் போட்டிருந்தது. நீமிக்கு 'மிகத் தகுதியானவர்'. மூன்று வழக்குகளின் பதிவுகளைக் குழு வாசித்ததாம். நீமியின் பேச்சு தெளிவானது, நிதானமானது, ஒரு சொல்கூட வீணாகாதது என்று எழுதியிருந்தார்கள். அந்த வரியை மார்லிஸ் திரும்பத் திரும்பப் படித்திருந்தாள். அந்தத் தெளிவு அவள் கைவேலை.

தொழிலில் சேர்ந்த முதல் வாரத்தில் கேட்ட பாடம் அது: சாட்சி உளறினால் உளறலாகவே போடு, நீதிபதி உளறினால் துடைத்துப் போடு. இங்கே எல்லாச் சுருக்கெழுத்தாளர்களும் செய்வதுதான். ஒரு இருமல், ஒரு திக்கல், முடியாமல் தொங்கும் ஒரு வாக்கியம், இவ்வளவுதான் ஆரம்பத்தில். போன வருஷத்திலிருந்து நீமி வக்கீல்களின் பெயரை மாற்றிச் சொன்னார். அதைத் திருத்தினாள். கேட்ட கேள்வியையே மறுபடி கேட்டார். ஒன்றை எடுத்துவிட்டாள். எந்த இடத்தில் துடைப்பது முடிந்து மறைப்பது தொடங்கியது என்று இப்போது யோசித்தாலும் பிடிபடவில்லை. அவள் புருஷன் படுத்த படுக்கையாகக் கிடந்தபோது மூன்று வாரம் விசாரணைகளைத் தள்ளிவைத்தவர் நீமி. ஹாகனோ கெட்டிக்காரர், ஆனால் அரசு வக்கீலாக இத்தனை வருஷத்தில் எதிரே நிற்பவரின் முகத்தை ஏறிட்டுப் பார்த்ததே இல்லை. மறதிக்காரரா, மனசில்லாதவரா? ஒரு பக்கம் சாய்ந்தால் மறுபக்கம் உறுத்தியது.

"நீமிக்கே போட்டுர்றேன்," என்றாள் பெர்னடீன், மாதிரி வாக்குச்சீட்டை மேசைமேல் விரித்துப் பென்சிலை எடுத்தபடி. "எம் பொண்ணு டெஸ்ஸா கேஸ் ஜனவரில அவர்கிட்டதான வருது. புள்ளை அவகிட்ட இருக்கணுமா அவ புருஷன்கிட்ட போகணுமான்னு அந்த மனுஷன்தான சொல்லணும். போன விசாரணைப் பதிவை வக்கீல் குடுத்தாரு, படிச்சேன். என்ன அழகா பேசியிருக்காரு!"

மார்லிஸ் காபிக் கோப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"இந்தப் பொண்ணுதான் அன்னைக்கி வீட்டுக்கு வந்து ஒரே அழுகை. 'அம்மா, அவருக்கு நான் யாருன்னே தெரியல, என்னென்னமோ கேட்டாரு'ன்னு. பதிவைப் பாத்தா அப்படி ஒரு வார்த்தை கெடையாது. நல்லா ஏசிவிட்டேன். மறுபடி போதை மாத்திரை கீத்திரை போட ஆரம்பிச்சிட்டியாடின்னும் கேட்டுட்டேன். அதுலேர்ந்து எங்கிட்ட பேசறதே இல்ல."

கூசியது மார்லிஸுக்கு. டெஸ்ஸா இரண்டு வருஷமாக எதையும் தொடாதவள். அதை நீதிமன்றத்தில் அவள் சொன்னபோது எழுதிக்கொண்டதும் இதே கைதான்.

எழுந்து உள்ளறைக்குப் போனாள். அவளுடைய பழைய சுருக்கெழுத்துக் கருவி இன்னும் காகிதத்தில்தான் அடிக்கும். சுத்தப் பிரதி தயாரான பிறகும் அந்தக் காகிதத்தை யாரும் கிழித்துப் போடுவதில்லை. டெஸ்ஸாவின் விசாரணை நடந்த செப்டம்பர் மாதக் கட்டைத் தேடி எடுத்து வந்தாள். வெளியே தெரிந்தால் உரிமம் போகும், வேலை போகும் என்று தெரிந்தேதான் எடுத்து வந்தாள். பேஸ்டியைத் தள்ளி வைத்துவிட்டு, மடிப்பு மடிப்பாக மேசைமேல் விரித்தாள்.

"என்னடி இது, கோழி கிண்டுன மாதிரி?"

"அன்னைக்கி நடந்தது."

"அதைத்தான் படிச்சாச்சே?"

"நீ படிச்சது நான் திருத்தி எழுதினது. இது அவரு சொன்னது."

இடத்தைக் கண்டுபிடித்து விரலை வைத்தாள். வக்கீல் திருப்பி வாசிக்கச் சொன்னால் வாசிக்கிற, ஏற்ற இறக்கமில்லாத அதே குரலில் வாசித்தாள்.

"நீதிபதி: 'ஏம்மா, உங்க கணவர் இறந்து எத்தனை நாளாச்சு?' டெஸ்ஸா: 'ஐயா, அவர் இங்கதான் உக்காந்திருக்காரு.' நீதிபதி: 'சரிம்மா, இறந்து எத்தனை நாளாச்சு?'"

மேசைமேல் பெர்னடீனின் மாதிரி வாக்குச்சீட்டில் நீமிக்கு நேரே பென்சிலால் பாதி கறுப்பாக்கிய வட்டம், ஹாகனுக்கு நேரே காலி வட்டம்.

"அப்போ யாருக்குத்தான்டி போடறது?"

"எனக்குத் தெரியலடி. சத்தியமாத் தெரியல."

பெர்னடீன் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு போனை எடுத்தாள். மகளின் எண்ணை அழுத்தி, போனை அந்தக் காகிதத்துக்குப் பக்கத்தில் மேசைமேல் வைத்தாள். மணி அடிக்கத் தொடங்கியது. மார்லிஸ் அந்த வரியிலிருந்து விரலை எடுக்கவில்லை.