மாக்ரெட்டின் கை மூடுகிறது

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையை எழுதவைத்தது கலைத்தாகம் அல்ல, பிரெட்னிசலோன். வீக்கத்தை அடக்கும் சின்னக் குளிசை. போடத் தொடங்கி மூன்றாம் நாளிலிருந்தே எங்கள் கொட்டாஞ்சேனை முழுவதையும் கூட்டித் துடைக்கலாம் போலிருக்கிறது. வீட்டில் விளக்குமாறு பழசு, ஆகவே எழுதுகிறேன். (மாக்ரெட் வேறு ஆள். நான் வேறு.)

2

"காலையில் எழும்பும்போது மாக்ரெட்டின் மூட்டுகள்…"

வேண்டாம். கிளினிக் சுவரில் ஒட்டிய நோட்டீஸ் மாதிரி இருக்கிறது.

"மாக்ரெட் தேங்காய்ப்பால் பிழியப் போனாள். கை மூடவில்லை."

இது நிற்கட்டும். அந்த வருடம் ஒழுங்கையில் வீட்டுக்கு வீடு சிக்கன்குன்யா. எல்லோரும் நொண்டினார்கள், மாக்ரெட்டும் தனக்கு அதுதான் என்று நினைத்தாள். ஐந்து மாதத்தில் மற்றவர்கள் கலியாண வீட்டில் பைலா ஆடினார்கள். அவளுக்கோ ஒவ்வொரு விடியலிலும் விரல்கள் இறுகி, இளக இரண்டு மணித்தியாலம் எடுத்தது. இரண்டு கையிலும் ஒரே மூட்டுகள். (துப்பு இதுதான். எனக்கு மர்மக்கதை எழுத வராது.)

3

டொக்டர் சொன்னார்: "இது நுளம்பு கடிச்சு வந்த வருத்தமில்ல, மிஸிஸ். ருமற்றொயிட். உங்கட எதிர்ப்புச் சக்தியே மூட்டுகள அடிக்குது. பிரெட்னிசலோன் கொஞ்ச நாளைக்குத்தான். கிழமைக்கு ஒருக்கா போடுற மற்றக் குளிசைதான் முக்கியம். அது வேலை செய்ய மாசக்கணக்கு எடுக்கும். விட்டிங்கெண்டா விரல் கோணிப்போகும்."

4

மாக்ரெட் வீட்டுக்கு வந்தாள், நாலாம் நாள் பைலா ஆடினாள், மற்றக் குளிசைப் பக்கெட்டைப் பிரிக்காமலே அலுமாரிக்குள் எறிந்தாள். முற்றும்.

"முற்றுமா?" என்றார் பிறெடி. (என் கணவர். கதைக்குள் அழைக்கப்படாதவர்.)

"சந்தோஷமான முடிவு."

"அந்தப் பக்கெட் எங்கட அலுமாரியிலதானே கிடக்கு. போன ஞாயிறு ஏன் போடேல்ல?"

"இது கதை, பிறெடி."

"ஓம், கதைதான். ஏன் போடேல்ல?"

பயம். துள்ளிக்கொண்டு திரியும்போது அதைப் போட்டால், நான் வருத்தக்காரி என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். அதுவும் எத்தனை வருடத்துக்கென்று தெரியாமல்.

5

'முற்றும்' என்பதை அழித்துவிட்டேன். இந்த வருத்தத்துக்கு அந்தச் சொல் இல்லை, அடுத்த கிளினிக் திகதிதான் உண்டு.

இன்றைக்கும் ஞாயிறு. பிறெடி பக்கெட்டைப் பிரித்து விசைப்பலகைமேல் வைத்துவிட்டு, அசையாமல் நிற்கிறார். முடிவை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். மாக்ரெட்டை ஆடவிடுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை. எனக்கு இப்போது இரண்டு கையும் தேவைப்படுகிறது, ஒன்றில் தண்ணீர்க் கிளாஸ், மற்றதில்