இடப்பக்கம் திரும்பிய படகு

ஞாயிறு மதியம் ஊர் மன்றத்தில் படம் போட்டார்கள். உள்ளூர்க்காரன் ஊல்வர் எழுதிய நாவலைத்தான் படமாக எடுத்திருந்தார்கள். கொலைக்கதை. தனியாகக் கடலுக்குப் போன மீனவன் ஒருவன் திரும்பி வருவதில்லை. பெயரை மாற்றியிருந்தாலும் அது எய்லிவின் கதை என்று ஊருக்கே தெரியும். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் அவன் படகு மட்டும் ஆளில்லாமல் மிதந்து வந்தது. அவன் அக்கா ஹால்டிஸ் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். வாரம் முழுக்கக் காட் மீனை வாலோடு வால் சேர்த்துக் கட்டிக் காயப்போட்டதில் விரல்கள் வெடித்துக் கிடந்தன.

திரையில் படகு துறையை விட்டுக் கிளம்பி இடப்பக்கம் திரும்பியது. மன்றமே சிரித்தது.

"எந்த மடையன் சூரியனுக்கு எதிரா திரும்புவான்?" என்றார் கிழவர் பெடர். "ஏய் ஊல்வர், அந்தப் பட்டணத்து நடிகனுக்கு வலது எது இடது எதுன்னு சொல்லிக் குடுத்திருக்கலாமே."

அங்கே கிளம்புகிற படகு சூரியன் போகிற போக்கில், வலப்பக்கமாகத்தான் திரும்பும். துறையின் வலப்பக்கம் பாறை. அதைச் சுற்ற நேரமானாலும் அப்படித்தான் போவார்கள்; சூரியனுக்கு எதிராகத் திரும்பினால் ஆகாது என்பது நம்பிக்கை. ஊல்வர் மட்டும் சிரிக்கவில்லை. ஹால்டிஸ் அதைக் கவனித்தாள்.

படம் முடிந்ததும் அவனை வாசலில் மறித்தாள்.

"சினிமாக்காரனுக தப்பா எடுத்துட்டானுகளா?"

"புத்தகத்துலயும் அப்படித்தான் இருக்கு."

"நீ படகுக்காரன் மகன்டா."

"தெரிஞ்சேதான் எழுதினேன்." குரலைத் தணித்தான். "அன்னைக்கு நான் துறையில மீன் காயப்போடுற மரச்சட்டத்து மேல நின்னு மீன் ஏத்திக்கிட்டிருந்தேன். பனி கொட்டுச்சு. உன் தம்பி படகு இடப்பக்கம் திரும்புச்சு. சுக்கான் பிடிச்ச ஆளு தெரியல. போலீஸ்ல போய்ச் சொன்னேன். படகு எந்தப் பக்கம் திரும்பினா என்னப்பான்னு சிரிச்சு அனுப்பிட்டாங்க."

எய்லிவ் அப்படித் திரும்பமாட்டான். அந்த ஊரில் பிறந்த எவனும் திரும்பமாட்டான். அவளுக்குத் தெரிந்து அப்படித் திரும்புகிறவன் ஒருவன்தான். மலைக்கு அந்தப்பக்கம் மரம் வெட்டிக்கொண்டிருந்துவிட்டு வந்து அவளைக் கட்டிக்கொண்ட ஓட்மண்ட். "சூரியன் என்ன கோவிச்சுக்குமா?" என்று கேலி பேசியபடியே சுக்கானை இடப்பக்கம் ஒடிப்பான். இப்போது அவன் ஓட்டுவதும் எய்லிவின் படகுதான். எய்லிவ் போன அன்று வலை வாங்க நகரத்துக்குப் போயிருந்ததாகச் சொன்னான். மறுநாள் வலையோடுதான் வந்தான். அதற்கு மேல் அவள் கேட்டதில்லை.

வீட்டில் ஓட்மண்ட் இடுப்புவலி என்று படுத்திருந்தான். அவள் மீனை அவித்து வைத்ததும் எழுந்து வந்தான்.

"படம் எப்படி?"

"படகு இடப்பக்கம் திரும்புச்சு. ஊரே சிரிச்சுது."

"சினிமாக்காரனுக்கு என்ன தெரியும்."

"ஊல்வர் கண்ணால பார்த்துத்தான் எழுதினானாம்."

அவன் முள் எடுப்பதை நிறுத்தினான். "யாரைப் பார்த்தானாம்?"

"படகை."

"ம்" என்றான். உருளைக்கிழங்கை இந்தப் பக்கம் தள்ளச் சொன்னான்.

மறுநாள் காலை அவள் துறையில் மீன் கட்டிக்கொண்டிருந்தபோது ஓட்மண்ட் கிளம்பினான். படகு கொஞ்சம் பின்வாங்கியது. தயங்கியது. பிறகு வலப்பக்கம் திரும்பிப் பாறையைச் சுற்றிக்கொண்டு போனது. பழக்கமில்லாததால் பாறையில் உரசப் பார்த்தது.

"இந்த ஊருக்கு வந்து இருபத்தாறு வருஷம் கழிச்சு உன் வீட்டுக்காரனுக்குப் புத்தி வந்திருச்சு" என்றார் பெடர்.

அவள் அடுத்த மீனை எடுத்து வாலில் முடிச்சுப் போட்டாள். ஊர் சிரித்ததற்காக மாறியிருப்பான் என்று தனக்கே சொல்லிப் பார்த்தாள். இத்தனை வருஷம் அவனை நேருக்கு நேர் கேலி செய்த ஊர்தானே. அப்போதெல்லாம் மாறாதவன்.

மதியம் படகு திரும்பியது. ஓட்மண்ட் வழக்கம்போலக் கயிற்றை வீசினான். அவள் கையை நீட்டவில்லை. கயிறு தண்ணீரில் விழுந்தது.

"தூங்கிட்டியா?"

"காலையில எதுக்கு வலப்பக்கம் திரும்பின?"

"ஊரே சிரிக்குதுன்னு நீதானே சொன்ன."

"படத்தைப் பார்த்துல்ல சிரிச்சாங்க. உன்னையா சிரிச்சாங்க?"

அவன் நனைந்த கயிற்றை இழுத்து மறுபடியும் வீசினான். அது அவள் காலடியில் விழுந்து, வழுக்கிக்கொண்டு திரும்பவும் கடலுக்குள் போனது.

"கயித்தைப் பிடி, ஹால்டிஸ்."

"அன்னைக்கு நீ நகரத்துல இல்ல."

"முதல்ல கயித்தைப் பிடி. அப்புறம் சொல்றேன்."

அவள் பக்கத்தில் நின்ற பெடர் பக்கம் திரும்பினாள். "உன் போனைக் குடு. போலீஸ்ல பேசணும்" என்றாள்.