கிளிப்புக் கூடை

இரும்புப் படியின் கைப்பிடியை லிங்கராஜ் பிடித்த பிடியில் விரல் முட்டெல்லாம் வெளுத்துவிட்டது. மேலே மொட்டை மாடியில், கொடிக்கயிற்றுக்குக் கீழே, அவனுடைய அப்பா சிவனணைந்தபெருமாள் இறந்து கிடந்தார். துணி காயப்போடப் போனவர். டாக்டர் வந்து பார்த்து உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போயாயிற்று. இனி இறக்க வேண்டியதுதான்.

"மூத்த மவன் தலமாட்டப் பிடிக்காம எப்படிலே இறக்க?" என்றார் பக்கத்துக் கடை மாசானம் அண்ணாச்சி, மாடியிலிருந்து.

தெரு அண்ணாந்து பார்த்தது. பிறகு லிங்கராஜைப் பார்த்தது. எதைப் பார்ப்பது என்று அதற்கே ஒரு முடிவுக்கு வர முடியவில்லை.

துறைமுகத்தில் கண்டெய்னர் தூக்கும் கிரேன் ஓட்டுகிறவன் அவன். ஆடிக் காற்றில் ஒருநாள் பெட்டி ஆடி, கீழே நின்றவன் தலையை உரசாத குறையாகப் போனது. யாருக்கும் கீறல்கூட இல்லை. மறுநாள் கிரேன் ஏணியின் பாதியில் மூச்சு முட்டி, கம்பியைக் கட்டிக்கொண்டு நின்றவனை நாலு பேர் சேர்ந்து இறக்கினார்கள். அதிலிருந்து வீட்டில்தான். "இடுப்பு வலி, லீவு போட்டிருக்காவ" என்று மனைவி சண்முகசுந்தரி சொல்லிவைத்தாள். தெருவும் நம்பியதுபோலவே நடந்துகொண்டது. எதிர்வீட்டு பிளாரன்ஸ் இடுப்புக்குத் தைலம் கொடுக்க வந்து, இடுப்பை விட்டுவிட்டு முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வருகிற திங்கட்கிழமை ஏறாவிட்டால் வேறு ஆள் என்று கம்பெனி சொன்னதும் அவளுக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்று யாரும் கேட்பதில்லை.

பெரியவருக்கு மறதி வந்துவிட்டது என்று கண்டுபிடித்தவளும் அவள்தான். ஈரத்துணி வாளியோடு மாடிக்குப் போவார். கிளிப்புக் கூடையைக் கீழேயே விட்டுவிடுவார். "ஏலே லிங்கம், கிளிப்ப எடுத்துட்டு வா!" அவன் அஞ்சாறு படி ஏறி, கூடையை அங்கேயே வைத்துவிட்டு இறங்கிவிடுவான். அவர் முனகிக்கொண்டே வந்து எடுத்துப்போவார். இன்று காலையிலும் கூப்பிட்டார். லிங்கராஜ் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு கிடந்தான்.

"தம்பி, வெயிலு ஏறுது" என்றாள் பிளாரன்ஸ். "ரெண்டு தடவ கூப்பிட்டாரு. எனக்கே கேட்டுது."

ஏறினான். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. பாதியில் நின்றான். எல்லோரும் பார்க்க, சுந்தரி மட்டும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். மறுபடி காலெடுத்து வைத்தான்.

மேலே அப்பாவை நாற்காலியில் உட்காரவைத்துத் துண்டால் கட்டியிருந்தார்கள். கொடியில் கிடந்த துணி ஒன்றிலும் கிளிப்பு இல்லை. முதுகுப் பக்கம் லிங்கராஜும் கால் பக்கம் மாசானமும் தூக்கியதும் ஆளாளுக்குக் கத்தினார்கள்.

"இடது பக்கம்லே!"

"சாய்க்காத, சாய்க்காத!"

"ஏலே, நில்லு!"

"ஒருத்தர் மட்டும் சொல்லுங்க" என்றான் லிங்கராஜ். "இத்தன பேரு சொன்னா யாரு பேச்சக் கேக்க? சுந்தரி, நீ சொல்லு. வேற யாரும் வாயத் தொறக்கக் கூடாது."

பிளாரன்ஸ்கூட வாயை மூடினாள். அந்தத் தெருவில் அது இதுவரை நடந்ததில்லை.

சுந்தரி கீழே நின்று கையைக் காட்டினாள். "இறக்குங்க... நிறுத்துங்க... இன்னொரு படி." அவன் நெஞ்சில் சாய்ந்திருந்த அப்பாவின் தலை அவனோடு சேர்ந்து நடுங்கியது.

திருப்பத்தில் நாற்காலி சாய்ந்தபோது பெரியவரின் வேட்டி மடியிலிருந்து என்னவோ உதிர்ந்து, இரும்பில் டக் டக்கென்று பட்டுக் கீழே சிதறியது. கிளிப்புகள். ஒரு மடி நிறைய.

சுந்தரியின் கை உயர்ந்தபடியே நின்றது. படியடியில் கிடந்த கிளிப்புக் கூடையை ஒருதரம் பார்த்துவிட்டுத்தான் அடுத்த "இறக்குங்க" சொன்னாள்.

சுடுகாட்டிலிருந்து திரும்பிக் குளித்தபோது சாயங்காலமாகிவிட்டது. காலையில் போட்ட துணி இன்னும் மாடியில்தான் கிடந்தது. ஈர வேட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு, கூடையை எடுத்துக்கொண்டு லிங்கராஜ் படியேறினான். எப்போதும் வைக்கிற படியில் கூடையை வைத்தான். இறங்காமல் நின்றான்.

கடல் பக்கமிருந்து காற்று வந்தது. மேலே ஒரு துணி படபடத்தது. எடுத்துப்போக யாரும் வரவில்லை.

குனிந்து கூடையை எடுத்தான். எதிர்வீட்டு ஜன்னலை மெதுவாகச் சாத்தும் சத்தம் கேட்டது.