மோதிய தேதி

துறையில் முழுகிக் கிடந்த பழைய இரும்புக் கம்பத்தில் எங்கள் படகு மோதியபோது நான் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தேன். அக்கரைக்கு ஆளேற்றும் ஃபைபர் படகு. அவர் ஓட்டுவார், நான் டிக்கெட் கொடுப்பேன். கல்யாண வாழ்க்கையில் பாதியைத் தண்ணீரிலேயே கழித்த புருஷன் பெண்டாட்டி நாங்கள். ஆட்களை இறக்கிவிட்டுப் படகைக் கரையேற்றிப் பார்த்தால், முன்பக்க அடியில் ஒரு சாண் நீளத்துக்கு விரிசல்.

“இன்னிக்கே இன்சூரன்ஸ் ஆபீஸ்ல எழுதிக் கொடுத்துடுங்க,” என்றேன்.

“இத்தனூண்டு விரிசலுக்கா? மூணு வருஷமா ஒண்ணும் கேக்காம இருந்ததுக்குப் பிரீமியத்துல தள்ளுபடி தர்றான். அதுல மண்ணள்ளிப் போடச் சொல்றியா? அவன் ஆள் வந்து பாக்குற வரைக்கும் படகைத் தொடவும் கூடாது. லீவு கூட்டம் முடியட்டும்.”

கைவேலை தெரிந்தவரைக் கட்டிக்கொண்டால் இதுதான் தொல்லை. அன்று சாயங்காலமே ஃபைபர் துணியை ரெசினில் தோய்த்து மூன்று அடுக்கு ஒட்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பெயிண்டும் அடித்துவிட்டார். என்னைக் கூப்பிட்டுத் தடவிப் பார்க்கச் சொன்னார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அதற்குப் பிறகு வாரம் தவறாமல் நச்சரித்தேன். வாரம் தவறாமல் அதே பதில்தான்.

இரண்டு மாதம் கழித்து, காற்று பலமாக இருந்த ஒரு மத்தியானம், ஆளில்லாமல் திரும்பும்போது அந்த ஒட்டு பிளந்துகொண்டது. இருக்கை வரைக்கும் தண்ணீர். எஞ்சின் மூழ்கிவிட்டது. வேறொரு படகுதான் எங்களைக் கட்டி இழுத்து வந்தது. உயிர் தப்பியதே பெரிது என்று எல்லோரும் ஆறுதல் சொன்னார்கள். படகு அடி பெயர்ந்து கிடந்தது. இன்சூரன்ஸ் பணம் வந்தால்தான் இன்னொரு படகு. படகு வந்தால்தான் வீட்டில் அடுப்பு எரியும். மறுநாள் ஆபீஸ் திறக்கும் முன்பே இவர் போய் வாசலில் நின்றார்.

சேதத்தைப் பார்க்க இன்சூரன்ஸ்காரர்கள் அனுப்பிய சர்வேயர் நல்ல மனிதர். படகைச் சுற்றிச் சுற்றி வந்து சின்னச் சுத்தியால் தட்டிக்கொண்டே போனவர், ஒட்டின் விளிம்பில் நின்றார்.

“இது எப்போ ஒட்டினது?”

“வாங்கும்போதே இருந்துச்சு சார்,” என்றார் இவர்.

சர்வேயர் தலையாட்டிவிட்டு எழுதத் தொடங்கினார். அத்தோடு விட்டிருக்கலாம். பதற்றத்தில் இவருக்கு வாய் நிற்கவில்லை.

“வீட்ல கூட சொன்னா சார், பழைய ஒட்டு, ஒண்ணும் ஆகாது, பயப்படாதீங்கன்னு.”

எனக்குச் சுர்ரென்று ஏறியது.

“நானா சொன்னேன்? மோதின அன்னிலேருந்து எழுதிக் கொடுங்கன்னு ரெண்டு மாசமாத் தலையால அடிச்சுக்கிட்டேன். லீவு கூட்டம் முடியட்டும்னது யாரு?”

சொல்லி முடிப்பதற்குள் புரிந்துவிட்டது. சர்வேயர் எழுதியதை அடித்தார்.

“மோதினது என்ன தேதிம்மா?” என்று மரியாதையாகத்தான் கேட்டார். தேதியை இவரே சொன்னார், மணி முதற்கொண்டு.

“சேதத்தை மறைச்சு ஓட்டினதாத்தான் எழுத முடியும். பணம் வராதுங்க,” என்று சொல்லிவிட்டு சர்வேயர் போனார்.

படகின் நிழலில் இருவரும் உட்கார்ந்திருந்தோம். செத்துப்போகலாம் போலிருந்தது எனக்கு.

“ஏதாவது திட்டுங்களேன்,” என்றேன்.

“என்னத்தத் திட்ட? நீ சொன்னது சரிதானே.”

இத்தனை வருடத்தில் இவர் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை.