முழுசா அழுத்தியாச்சு

அந்தப் பட்டறையில் வேலை பார்த்தவர்கள் இரண்டே பேர். மெக்கானிக், அப்புறம் அவருடைய மனைவி. மெக்கானிக் நல்ல உயரம். அவள் பக்கத்தில் வந்து நின்றால் அவர் சட்டையின் இரண்டாவது பொத்தானுக்குத்தான் வருவாள். அதனால் கல்யாணமான புதிதில் அவர் அவளுக்கு வைத்த செல்லப் பெயர் 'அரை டிக்கெட்'. பன்னிரண்டு வருஷத்தில் அந்தப் பெயர் வண்டி விட வருகிறவர்கள் வாயிலும் ஏறிவிட்டது. அவளும் சிரிப்பாள். ஆனால் கண்ணுகளா, சிரிக்கிறவர்கள் எல்லோருக்கும் அது சிரிப்பாகவே இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள்.

சனிக்கிழமை காலையில் அவளுடைய தம்பி தன் வண்டியைக் கொண்டு வந்து விட்டான். மலைப்பாதையில் ஒவ்வொரு வண்டியாக விட்டு நேரம் பார்க்கிற பந்தயத்தில் ஓட்டுகிறவன் அவன். மறுநாள் பந்தயம். எஞ்சினுக்கும் மூச்சுக் காற்று வேண்டுமல்லவா? அந்தக் காற்றை ஒவ்வொரு சிலிண்டருக்கும் பிரித்துக் கொடுக்கிற குழாய்க் கூட்டத்துக்கு மேனிஃபோல்டு என்று பெயர். பழையதில் முடி அளவு விரிசல் விட்டிருந்தது. தம்பி புதிதாக, வாய் அகலமான ஒன்றை வாங்கி வந்திருந்தான்.

"மாமா, இது போட்டா வண்டி பறக்கும்."

"பறந்தா இறக்கிவிட யார் வருவா? ஒழுங்கா தரையில ஓட்டு மச்சான்."

மெக்கானிக் பழையதைக் கழற்றினார். திறந்து கிடந்த துளைகளில் ஒன்றும் விழுந்துவிடக் கூடாது என்று அவள் பழைய போர்வைத் துணியைக் கிழித்துச் சுருட்டி அடைத்தாள். எத்தனை அடைத்தாள், எத்தனை எடுத்தாள் என்று விரல் விட்டு எண்ணினாள். அந்த மாதிரி விஷயத்தில் அவள் கெட்டிக்காரி. இரண்டு பாகங்கள் சேருகிற இடத்தில் காற்று கசியாமல் வைக்கிற அட்டைக்குப் பட்டறையில் பேக்கிங் என்பார்கள். புதிய மேனிஃபோல்டின் வாயில் வைக்க வேண்டிய பேக்கிங் பெட்டியிலேயே கிழிந்திருந்தது. மெக்கானிக் அலட்டிக்கொள்ளவில்லை. அட்டையை எடுத்தார், கையாலேயே வெட்டினார், வைத்து முடுக்கினார். வருஷக்கணக்காக அவர் கையால் வெட்டிய பேக்கிங் ஒன்று கூட ஒழுகியதில்லை.

கடைசியாகப் பெடல் சோதனை. பெடலை மிதித்தால் கேபிள் இழுக்கும். கேபிள் இழுத்தால் மேனிஃபோல்டின் வாயில் இருக்கிற வட்டத் தகடு திரும்பும், காற்று உள்ளே போகும். காலை எடுத்தால் தகடு தானாக மூடிக்கொள்ள வேண்டும். மூடவில்லையென்றால் வண்டி யார் சொன்னாலும் கேட்காது. இந்தச் சோதனையைப் புருஷனும் பெண்டாட்டியும் எப்போதும் ஒரே மாதிரிதான் செய்வார்கள். அவர் பானெட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டு சொல்வார், அவள் வண்டிக்குள் உட்கார்ந்து மிதிப்பாள்.

தம்பி தன் நீளக் காலுக்கு ஏற்றபடி பந்தய சீட் போட்டிருந்தான். அது முன்னே பின்னே நகராது. அவள் அதில் உட்கார்ந்ததும் கிணற்றுக்குள் இறங்கியது போல இருந்தது. கால் விரல் நுனிதான் பெடலைத் தொட்டது.

"கால் எட்டுதா, இல்ல ஸ்டூல் கொண்டு வரட்டுமா?" என்று பானெட்டுக்குள்ளிருந்து குரல் வந்தது. வாசலில் நின்ற தம்பி சிரித்தான்.

"எல்லாம் எட்டுது. நீங்க உங்க வேலையப் பாருங்க."

"கால்வாசி."

"கால்வாசி."

"பாதி… விடு… சரி. முழுசா மிதி."

அவள் விரலை நீட்டி அழுத்தினாள். பெடல் பாதியைக் கொஞ்சம் தாண்டிப் போய் நின்றது. இன்னும் கீழே சறுக்கிப் படுத்தால்தான் தரை வரை போகும். படுத்தால் அவள் தலை கண்ணாடிக்குக் கீழே போய்விடும், தம்பி இன்னொரு சிரிப்புச் சிரிப்பான்.

"முழுசா அழுத்தியாச்சு," என்றாள்.

பழைய மேனிஃபோல்டாக இருந்தால் கேபிள் இழுக்கிற நெம்புகோல் கண்ணுக்குத் தெரியும். இந்தப் புதியது அதை மறைத்துக்கொண்டிருந்தது. அவருக்கு அவள் சொன்னதுதான் சாட்சி. "விடு" என்றார். விட்டாள். தகடு மூடிக்கொண்ட சத்தம் கேட்டது. "பிரமாதம்," என்றார்.

அன்று மாலை தம்பி வண்டியை எடுத்தபோது மெக்கானிக் ஜன்னல் பக்கம் குனிந்து சொன்னார்: "ஊருக்குள்ள மிதிக்காத. நாளைக்கு மலையில போய் வெச்சு மிதி."

அவள் அதைக் கேட்டுக்கொண்டுதான் நின்றாள். பாதி வரை நன்றாகத்தானே வந்தது, மீதிக்கு மட்டும் என்ன வந்துவிடப் போகிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் மெக்கானிக் தம்பியுடன் மலைக்குப் போய்விட்டார். அவளுக்குப் பந்தயம் பார்க்கத் தைரியம் கிடையாது; முந்தின இரவு கெட்ட கனவு கண்டு, போகாதே என்று தடுக்கிறவள். பட்டறையைப் பெருக்கினாள், வேலை மேஜையைத் துடைத்தாள். பேக்கிங் வெட்டியபோது நடுவிலிருந்து விழுந்த அட்டை வட்டம் எண்ணெயில் ஒட்டிக் கிடந்தது. பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் மூடி. புதிய மேனிஃபோல்டின் வாய்க்குள் தூசி போகாமல் கச்சிதமாகச் செருகி வந்த மூடி அது. எறிவதற்காக இரண்டையும் ஒன்றாகக் கையில் எடுத்தாள்.

எறியவில்லை. அட்டை வட்டத்தை மூடியின் மேல் வைத்தாள்.

சுற்றிலும் நகக்கண் அளவுக்கு மூடி வெளியே தெரிந்தது.

அவர் பழைய வாயை வைத்து அளந்துவிட்டார். பழகிய கை, பழைய அளவுக்கே போய்விட்டது. அப்படியென்றால் புதிய வாயைச் சுற்றி உள்பக்கமாக அட்டை ஓரம் நீட்டிக்கொண்டு நிற்கிறது. பாதி திறக்கும்வரை தகடு அதைத் தொடாது. முழுதாகத் திறந்தால் அந்த ஓரத்தில் போய் ஆப்பு மாதிரி இறுகிக்கொள்ளும். காலை எடுத்தாலும் மூடாது.

அந்த மலைப்பாதையின் தொடக்கத்தில் நேர்ச் சாலை. எல்லோரும் அங்கேதான் அடிமட்டத்துக்கு மிதிப்பார்கள். நேர்ச் சாலை முடிகிற இடத்தில் வளைவு. வளைவுக்கு அந்தப் பக்கம் ஒன்றும் இல்லை, வானம்தான்.

போன் செய்தாள். இருவர் போனும் அணைந்திருந்தன. பந்தயம் நடக்கும்போது அங்கே அப்படித்தான். பட்டறையில் நின்ற பழைய ஸ்கூட்டரை எடுத்தாள். கதவைப் பூட்டினாளா என்று அவளுக்கு நினைவில்லை. வழி நெடுக வாய் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டு வந்தது: எத்தனாவது வண்டி, எத்தனாவது வண்டி? அடிவாரத்துக்கு வந்தபோது மேலே ஒரு எஞ்சின் அலறிக்கொண்டு ஏறுகிற சத்தம் கேட்டது. ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சத்தம் வளைவில் தணிந்து, மறுபடி எழுந்தது. காலை எடுத்ததும் தகடு மூடியிருக்கிறது; அது அவன் வண்டி இல்லை.

தம்பியின் வண்டி புறப்படுகிற கோட்டுக்கு வந்துவிட்டிருந்தது. ஹெல்மெட் மாட்டி உட்கார்ந்திருந்தான். கொடிக்காரர் பக்கத்தில் நின்றார். அவள் நேராகப் போய் வண்டிக்கு முன்னால் நின்றாள்.

"ஏம்மா, தள்ளும்மா!" என்று கொடிக்காரர் கத்தினார்.

மெக்கானிக் ஓடி வந்தார். வெட்கத்தில் முகம் சிவந்திருந்தது. "இந்தத் தடவ என்ன கனவு? போன தடவ டயர் வெடிச்சுச்சு, அதுக்கு முன்னாடி பாலம் உடைஞ்சுது. இன்னிக்கு என்ன, மலையே சாஞ்சுதா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

"கனவு இல்லங்க. பேக்கிங் சின்னதா வெட்டிட்டீங்க. தகடு மாட்டிக்கும்."

"யாரு, நானா? என் கை அளவு தப்புமா? நீதான மிதிச்ச? முழுசா அழுத்தி, முழுசா மூடுச்சே!"

"அக்கா, வீட்டுக்குப் போ அக்கா," என்றான் தம்பி உள்ளிருந்து. "எல்லாரும் பாக்கறாங்க."

அவள் எல்லோரையும் பார்த்தாள். பிறகு புருஷனைப் பார்த்துச் சொன்னாள்:

"நான் முழுசா அழுத்தல. எனக்குக் கால் எட்டல."

மெக்கானிக் முகத்திலிருந்த சிவப்பு இறங்கியது. அவர் குனிந்து ஜன்னல் வழியே கையை விட்டுச் சாவியைத் திருப்பினார். எஞ்சின் நின்றது.

"மச்சான், இப்ப மிதி. அடி வரைக்கும்."

தம்பி மிதித்தான். எங்கோ உள்ளே 'டக்' என்று ஒரு சின்னச் சத்தம். விரலைச் சொடுக்கியது போல, அவ்வளவுதான்.

"கால எடு."

எடுத்தான். பெடல் தரையோடு தரையாகப் படுத்துக் கிடந்தது. அவன் அதன் மேலே காலைத் தூக்கிப் பிடித்தபடி, கீழே வைக்க இடம் தெரியாதவன் போல உட்கார்ந்திருந்தான்.

"மாமா… வரல."

கொடிக்காரர் கொடியை மடக்கிக்கொண்டார். நாலு பேர் சேர்ந்து வண்டியை ஓரமாகத் தள்ளினார்கள். தப்பாக அளந்தவர் அவர், பொய் சொன்னவள் அவள். யார் யாரைத் திட்டுவது? மெக்கானிக் திட்டவில்லை. தாழ்ந்த குரலில் கேட்டார்:

"இதான் மொத தடவையா?"

அவளால் ஆமாம் என்று சொல்ல முடியவில்லை.

வரிசையில் அடுத்து நின்ற சாம்பல் நிற வண்டி உறுமிக்கொண்டு கோட்டுக்கு வந்தது. போன மாதம் அதே பட்டறையில் கேபிள் மாற்றிப் போன வண்டி. அதிலும் நகராத சீட்டுதான். அவள் பார்வை அதன் மேல் போய் நிற்பதை மெக்கானிக் கவனித்துவிட்டார்.

"அதுலயுமா?"

கொடி மறுபடி உயர்ந்தது. மெக்கானிக் இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு ஓடினார், அவள் நின்றது போலவே அந்த வண்டிக்கு முன்னால் போய் நின்றார். ஓட்டுகிறவர் ஹாரனை அழுத்தினார். கூட்டம் கூச்சல் போட்டது. அவர் நகராமல் நின்றபடி, திரும்பி அவளைப் பார்த்து "வா" என்று தலையை அசைத்தார்.

அவள் நடந்தாள். அந்த வண்டியில் எல்லாம் சரியாகவே இருக்கலாம், இல்லாமலும் போகலாம். அதற்கு முந்திய மாதத்து வண்டிகள் எங்கெங்கே ஓடிக்கொண்டிருக்கின்றனவோ. ஜன்னல் அருகே போய், முகம் தெரியாத அந்த ஹெல்மெட்டைப் பார்த்து, முன்பு சொன்னதையே மறுபடி முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள்.