பட்டை எடுத்து, தேன் தடவி

"பட்டை எடுத்துத் தொட்டு வைங்கன்னா, இருந்த பட்டையையே உரிச்சு எடுத்திருக்கீங்களே அத்தான்! இது செடியா, பல்லுக்குச்சியா?"

சின்னவளின் குரல் கொல்லைச் சுவரைத் தாண்டியது. மாடிவீட்டு அம்மாள் பாலை அடுப்பிலேயே விட்டுவிட்டு ஜன்னலுக்கு வந்துவிட்டாள். பால் பொங்கினால் துடைத்துக்கொள்ளலாம். சண்டையைப் பாதியில் விட்டால் மீதியை யார் சொல்வார்கள்?

"நீதானே போன்ல சொன்னே?" இரும்பு கடையும் பட்டறை வைத்திருந்த அத்தான், லேத்காரரும் விடவில்லை. "கீழ் முனையில பட்டையை எடு, தேனைத் தடவுன்னே. எடுத்தேன், தடவினேன்."

"சமையல் பட்டை அத்தான்! கிராம்புக்குப் பக்கத்துல டப்பாவுல கிடக்குமே, அந்தப் பட்டை! முதல்ல தேனைத் தடவி, அப்புறம் பட்டைப் பொடியை எடுத்துத் தொட்டு வைக்கச் சொன்னேன். பொடி அழுகாம காக்கும். உரிச்சுட்டா வேர் எங்கேருந்து வரும், உங்க லேத்துலேருந்தா?"

லேத்காரர் தொட்டியைக் குனிந்து பார்த்தார். அவர் கைவேலைக்கு யாரும் குறை சொன்னதில்லை. அந்தக் குச்சிகளையும் சும்மா உரிக்கவில்லை, சீவிய பென்சில் மாதிரி வழுவழுவென்று, எல்லாம் ஒரே அளவுக்கு உரித்திருந்தார். இப்போது அத்தனையும் கறுத்துப் போயிருந்தன. தேனுக்கு வந்த எறும்புகள்தான் கொழுத்திருந்தன.

அவை வெறும் ரோஜாக் குச்சிகளாக இருந்திருந்தால் சின்னவள் இவ்வளவு கத்தியிருக்கமாட்டாள். அவளுடைய அக்கா, அதாவது லேத்காரரின் மனைவி, கல்யாணமான புதிதில் சுவரோரமாக வைத்த செடி அது. வெளுத்த ரோஸ் நிறத்தில் பூக்கும். காலையில் ஒரு வாசனை, வெயில் ஏறினால் இன்னொரு வாசனை. அக்கா போன மழைக்காலத்தில் இறந்துபோனாள். செடி நின்றது. இப்போது அதற்கும் நாள் குறித்தாகிவிட்டது. வாங்கப்போகும் காருக்காக வீட்டுச் சொந்தக்காரர் மகன் அந்தச் சுவரை இடித்துக் கூரை போடப்போகிறாராம். கார் எப்போது வரும் என்று கேட்டால் மட்டும் மனிதர் பேச்சை மாற்றிவிடுவார். நர்சரிக்காரர் வந்து மணிக்கட்டுப் பருமன் அடித்தண்டைத் தட்டிப் பார்த்தார். பெயர்த்தால் பிழைக்காது, குச்சி வெட்டி வேர் பிடிக்கவைத்தால்தான் உண்டு என்று சொல்லிவிட்டுப் போனார். வேர் மருந்து வாங்கலாம் என்று லேத்காரர் கிளம்பியபோது, வீட்டிலேயே எல்லாம் இருக்கிறது என்று தடுத்தவள் சின்னவள்தான். அதனால்தான் கோபம் இரட்டிப்பாகிவிட்டது.

"மிச்சம் இருக்கிற கிளையை எல்லாம் நான் எடுத்துட்டுப் போறேன்" என்று கத்தரியைக் கையில் எடுத்தாள். "உங்க கையில எது பிழைச்சுது?"

"என்ன சொல்றே நீ?"

"அக்காவை டாக்டர்கிட்ட காட்டின அன்னிக்கும் இப்படித்தானே தலையை ஆட்டிட்டு வந்தீங்க? 'மறுபடி காய்ச்சல் வந்தா அன்னிக்கே கூட்டிட்டு வாங்கன்னு உங்க அத்தான்கிட்ட சொன்னேனே, ஏம்மா கூட்டிட்டு வரல'ன்னு டாக்டர் என்னைக் கேட்டார், அத்தான். என்னைக் கேட்டார்."

மாடி ஜன்னல் மெதுவாகச் சாத்திக்கொண்டது. சண்டை நடுவில் அந்த ஜன்னல் மூடிக்கொண்டது அதுவே முதல் தடவை.

இது இவளுக்குத் தெரியும் என்பது லேத்காரருக்கு அதுவரை தெரியாது. அன்று டாக்டர் வாயை மூடியிருந்த துணிக்குப் பின்னாலிருந்து தணிந்த குரலில் பேசினார். இவர் காதில் விழுந்தது 'மறுபடி காய்ச்சல் வரும்' என்பது மட்டும். தலையாட்டினார். சொன்னபடியே காய்ச்சல் வந்தது. "வரும்னு டாக்டரே சொன்னார், பயப்படாதே" என்று மனைவியின் நெற்றியில் ஈரத்துணி போட்டுக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். அவளும் இவரை நம்பிப் படுத்திருந்தாள்.

"எனக்குக் காது சரியாக் கேக்கல, சின்னவ" என்றார்.

"இப்போ என்ன கேக்கல? இன்னும் கத்தணுமா?"

"இப்போ மட்டுமில்ல. லேத்துச் சத்தத்துல வலது காது போய் ரொம்ப நாளாச்சு. உங்கக்காவுக்குத் தெரியும். எதிர்ல வந்து நின்னுதான் பேசுவா."

சின்னவளின் கத்தரி பாதி திறந்தபடி நின்றது.

"டாக்டர்கிட்ட சொல்லியிருக்கலாமே. இன்னொரு தடவை சொல்லுங்கன்னு கேட்டிருக்கலாமே, அத்தான்?"

"வெக்கமா இருந்துச்சு."

சின்னவள் துவைக்கிற கல்லில் உட்கார்ந்து, கறுத்த குச்சிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கித் தரையில் போட்டாள். ஒன்றின் அடியில் விரலை வைத்தபோது அது கூழாகிக் கையோடு வந்தது. அவள் தோள் குலுங்கியது. அழுகையா, அடக்கிய கோபமா என்று லேத்காரருக்குப் பிடிபடவில்லை. ஏதாவது முணுமுணுத்தாளோ என்னவோ, அதுவும் கேட்கவில்லை.

அவர் சுற்றிப் போய் அவள் எதிரில் குத்துக்கால் போட்டு உட்கார்ந்தார்.

"நான் என்ன பண்ணணும்னு இன்னொரு தடவை சொல்லு" என்றார். அந்த வயதில், அந்த மனிதர் வாயில், அந்தச் சொல் வெளியே வர எவ்வளவு சிரமப்பட்டது என்பதை அவர் முகத்தைப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

சின்னவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னாள். கணுவுக்குக் கீழே சாய்வாக வெட்டணும். கீழ் இலையெல்லாம் கிள்ளணும். தோலைத் தொடவே கூடாது. கொதிச்சு ஆறின தண்ணியில கொஞ்சமாத் தேன். அதுல நனைச்சுட்டுப் பட்டைப் பொடி. மணல் கலந்த மண்ணு. மேலே கவிழ்க்கப் பாட்டில்.

"எந்தப் பட்டை?"

"கிராம்புக்குப் பக்கத்துல இருக்கிற பட்டை" என்றாள். சொல்லும்போது உதடு லேசாகக் கோணியது. அதைச் சிரிப்பு என்று எழுதினால் அவளுக்கே பிடிக்காது.

கடைசிக் கிளைகள் மண்ணில் இறங்கின. தெரு சும்மா இருக்குமா? மாடிவீட்டு அம்மாள் ஒரு குச்சிக்காவது கற்றாழைச் சோறு தடவாவிட்டால் ஒன்றும் முளைக்காது என்று கொண்டுவந்து தடவினாள். எதிர்வீட்டு வாத்தியார் உருளைக்கிழங்கில் ஓட்டை போட்டு ஒன்றைச் செருகிக் கொடுத்தார். லேத்காரர் எல்லோரையும் இரண்டு தடவை சொல்லச் சொன்னார். வேர் வந்ததா என்று பிடுங்கிப் பார்க்கும் ஆசை அவர் விரல் வரைக்கும் வரும். கையைப் பின்னால் கட்டிக்கொள்வார். சின்னவள் வேலை முடிந்து வந்து பாட்டிலைத் தூக்கிப் பார்ப்பாள். இருவரும் அக்காவைப் பற்றிப் பேசமாட்டார்கள்.

சுவர் இடிந்தது. செடி லாரியில் போனது. லேத்காரர் அன்று பட்டறையை விட்டு வெளியே வரவில்லை.

தொட்டிகளில் குச்சிகள் ஒவ்வொன்றாக வாடின. ஒன்று மட்டும் கணுவில் சிவப்பாகக் கொழுந்து விட்டது. தொட்டிகளை அதற்குள் பலமுறை இடம் மாற்றியிருந்ததால், அது தேனா, கற்றாழையா, உருளைக்கிழங்கா என்று யாருக்கும் நிச்சயமில்லை. வாத்தியாரும் மாடிவீட்டு அம்மாளும் இன்றைக்கும் அதைப் பற்றிப் பேச்சு வைத்துக்கொள்வதில்லை.

"எடுத்துட்டுப் போ" என்று லேத்காரர் தொட்டியை அவளிடம் நீட்டினார். "நீ சொன்னது சரிதான். என் கையில..."

"நான் சொன்னது தப்பு" என்றாள் சின்னவள், எதிரில் நின்று, ஒவ்வொரு சொல்லாக. "இது உங்ககிட்டதான் இருக்கணும், அத்தான். கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

அக்கா போன வீட்டுக்குத் தங்கை விளக்கேற்ற வருவாள் என்று தெரு ஏற்கெனவே தீர்ப்பு எழுதி வைத்திருந்தது. அவளோ மருந்துக்கடைக் கணக்கரைக் கல்யாணம் செய்துகொண்டு, ஒரு இரவு ரயிலில் போகிற தூரத்தில் உள்ள ஊருக்குக் குடிபோனாள். தந்தை ஸ்தானத்தில் நின்று கையைப் பிடித்துக்கொடுத்தவர் லேத்காரர். பிறகு அவரும் அந்த வீட்டைக் காலிசெய்துவிட்டு, ரோஜாத் தொட்டியோடு பட்டறைக்கு மேலே இருக்கிற ஒற்றை அறைக்குப் போய்விட்டார்.